நீதி அட்டவணையில் எத்தனையாவது இடம்?

வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் பிரென்ட்ஃபோர்டு என்ற லண்டன் கால்பந்துக் கிளப்பைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘கணக்கு தெரிந்தவர்கள் நடத்தும் குட்டிக் கிளப்.’ பென்ஷன் கணக்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதியபோது நான்கு கடிதம் வந்தது. இந்த ஒரு வரிக்கு வந்தவற்றை அடுக்கினால் மேசை ஆடுகிறது. ஆகவே இந்த முறை முழுக்கப் பந்துதான். பந்து ஆகாதவர்கள் அடுத்த இதழில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள், வருத்தமில்லை.

கேள்வி: பிரிமியர் லீக்கில் ஆடுகிற கிளப்பைக் ‘குட்டிக் கிளப்’ என்கிறீர்களே, அவர்களிடம் இல்லாத பணமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2019இல் ஹவுன்ஸ்லோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரென்ட்ஃபோர்டு அந்தப் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை மருமகன் கிரிஃபின் பார்க் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மைதானத்தைத் தேடவேண்டியிருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கிற தெருவுக்குள், இன்னொரு வீட்டு வாசல்போல அதன் வாசல். நான்கு மூலைக்கும் ஒன்றாக நான்கு மதுக்கடைகள். ஈலிங் ரோடு பக்கத்துக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நாற்காலியே கிடையாது, நின்றுதான் பார்க்கவேண்டும். நின்றேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஹீத்ரோவில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போயிற்று. ஒரு காலத்தில் மைதானத்துக் கூரையின்மேல், விமானத்தில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று விளம்பரம் எழுதி வைத்திருந்தார்களாம். கீழே நிற்கிற எங்களை நம்பி யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1904 முதல் அங்கேதான் ஆடினார்கள். 2020இல் கியூ பாலத்துக்குப் பக்கத்தில் புது மைதானத்துக்குப் போனார்கள். அதில் 17,250 பேர் உட்காரலாம். மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் 74,000 பேருக்கு மேல். புது மைதானத்தில் இருக்கைகளைப் பல நிறங்களில் கலந்து போட்டிருக்கிறார்கள். பாதி காலியாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் இருப்பதுபோலத் தெரியும். நம் ஊர்க் கல்யாண மண்டபக்காரர்கள் கவனிக்கவேண்டிய யோசனை.

கிளப் பிறந்தது 1889இல். படகு ஓட்டும் சங்கத்துக்காரர்கள் சிலர், குளிர்காலத்தில் என்ன ஆடுவது, கால்பந்தா ரக்பியா என்று கூடி ஓட்டுப் போட்டார்கள். எட்டுக்கு ஐந்து. 1947இல் முதல் டிவிஷனிலிருந்து (இன்றைய பிரிமியர் லீக்) இறங்கியவர்கள் திரும்ப ஏறியது 2021இல், 74 வருஷம் கழித்து. நடுவில் 2007இல் நான்காம் டிவிஷன்வரை விழுந்தார்கள். ஏறிய பிறகு முதல் நான்கு வருஷம் வாங்கிய ரேங்க்: 13, 9, 16, 10. பார்க்கச் சுமார்தான். ஆனால் வருஷத்துக்கு மூன்று பேரை வகுப்பைவிட்டு வெளியேற்றுகிற பள்ளிக்கூடம் அது. அதில் சம்பளப் பட்டியலின் அடிவரிசையில் இருந்துகொண்டு, 2022-23இல் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் ஊரில் ஒருமுறையும் தங்கள் ஊரில் ஒருமுறையும் தோற்கடித்தார்கள்.

கேள்வி: அந்தக் கிளப்பின் முதலாளி பந்தயம் கட்டிப் பிழைத்தவராமே! பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய உதாரணமா இது?
(வாசகி, கும்பகோணம்)

மறைக்க எதுவும் இல்லை அம்மா. மாத்யூ பென்ஹம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தார். லண்டனில் நிதித் தொழிலில் இருந்தார். 2001இல் டோனி ப்ளூம் என்பவரிடம் பந்தயக் கணிப்பு வேலைக்குச் சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துவராமல் பிரிந்து, 2004இல் ஸ்மார்ட்ஆட்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பந்தயம் கட்டுகிறவர்களுக்குக் கால்பந்துக் கணிப்பு விற்கிற நிறுவனம். சிறுவயதிலிருந்தே பிரென்ட்ஃபோர்டு ரசிகர். கிளப் கடனில் தத்தளித்தபோது பணம் கொடுத்துத் தூக்கிவிட்டார், 2012இல் முழு உரிமையாளர் ஆனார்.

இந்தத் தொழிலிலிருந்து அவர் கிளப்புக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு பழக்கம். ‘யார் ஜெயிப்பார்கள்?’ என்று கேட்கமாட்டார். ‘விலை தப்பாக இருக்கிறதா?’ என்று கேட்பார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால் தோலில் வடு விழுந்த கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைக்கும். குழம்பில் போட்டபின் வடு எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அழுகலையும் அதே கூடையில்தான் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். வடு எது, அழுகல் எது என்று பிரிக்கத்தான் கணக்கு.

ஓலி வாட்கின்ஸ் எக்ஸிடர் என்ற நான்காம் டிவிஷன் கிளப்பில் இருந்தார். அந்த டிவிஷன்தான் வடு. 2017இல் சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை நடு ஃபார்வர்டு ஆக்கி, 2020இல் ஆஸ்டன் வில்லாவுக்கு சுமார் 2 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். பிரான்சின் இரண்டாம் டிவிஷனில் த்ருவா கிளப்பிலிருந்து 2019இல் 58 லட்சம் பவுண்டு அளவில் வந்த பிரையன் எம்பூமோ, 2024-25இல் லீக்கில் 20 கோல் போட்டு, 2025 கோடையில் ஆறரைக் கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். நீல் மோபே 16 லட்சத்துக்கு வந்தார், இரண்டே வருஷத்தில் 2 கோடிக்குப் போனார்.

நீங்கள் கேட்ட தர்ம விஷயத்துக்கு வருகிறேன். பிரென்ட்ஃபோர்டின் பெரிய கோலடிப்பாளர் ஐவன் டோனி, பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக 2023இல் எட்டு மாதம் விலக்கி வைக்கப்பட்டார். முதலாளியின் சொத்து பந்தயத்தில் வந்தது. டோனி அணிந்திருந்த சட்டையின் முன்பக்கத்தில் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். வெளியே உட்காரவேண்டியவர் மட்டும் ஆட்டக்காரர். ஆடுகிறவன் பந்தயம் கட்டக்கூடாது என்பது சரியான விதிதான். ஆனாலும் அந்தச் சட்டையைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது. பிள்ளைகளிடம் கத்தரிக்காய்ப் பகுதியை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: டிவியில் ஆட்டம் முடிந்ததும் 1.74, 0.62 என்று ஏதோ போடுகிறார்களே. கோல் எப்படித் தசமத்தில் வரும்?
(வாசகி, சிவகாசி)

என் மனைவியும் இதையே கேட்டாள், அதுவும் இரவு ஒன்றரை மணிக்கு. அதற்கு ‘எக்ஸ்ஜி’ என்று பெயர், எதிர்பார்க்கத்தக்க கோல். இதே இடத்திலிருந்து, இதே கோணத்தில், காலாலோ தலையாலோ, இந்த மாதிரி வந்த பந்தை இதற்குமுன் ஆயிரக்கணக்கானவர்கள் அடித்திருக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கு எத்தனை உள்ளே போயின? அதுதான் அந்த அடியின் மதிப்பு. கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்க அடிக்கிற பெனால்டி என்றால் முக்காலுக்குச் சற்று மேல். முப்பது மீட்டரிலிருந்து, கூட்டத்துக்கு நடுவே ஆத்திரத்தில் ஒரு அடி என்றால் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. ஒரு ஆட்டத்தின் எல்லா அடிகளையும் கூட்டினால் 1.74.

‘அப்படியானால் அந்த முக்கால் கோலை யார் போட்டது?’ என்றாள். நம் மாவட்டத்தில் சராசரிக் குடும்பத்துக்கு 1.7 குழந்தை என்றால் முக்கால் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பதுபோல என்றேன். அதற்குப் பிறகு தூங்கவிட்டாள்.

கேள்வி: ஜெயித்தால் ‘எங்கள் கணக்கு’, தோற்றால் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்று தப்பித்துக்கொள்ளத்தானே இந்தப் புள்ளிவிவரமெல்லாம்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்)

வந்த கடிதங்களிலேயே கூர்மையானது உங்களுடையது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பென்ஹம் ‘நீதி அட்டவணை’ என்று ஒன்றை வைத்திருக்கிறார். லீக் அட்டவணை பத்திரிகையில் வருவது, புள்ளிகளை வைத்துப் போடுவது. இது எந்த அணி எத்தனை நல்ல வாய்ப்பை உண்டாக்கியது, எத்தனையை எதிரிக்கு விட்டுக்கொடுத்தது என்பதை வைத்துப் போடுவது. கால்பந்தில் கோல் அபூர்வம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று. அதில் ஒன்று போஸ்ட்டில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது யார் கையிலும் இல்லை. ஆகையால் பத்து ஆட்டத்து முடிவை மட்டும் பார்த்து அணியை எடைபோடுவது, பத்துக் கேள்வி கேட்டு ஒரு பையனின் பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்வது மாதிரி. (நான் சொல்லியிருக்கிறேன். தப்பாகத்தான் போயிருக்கிறது.)

ராஸ்மஸ் ஆங்கர்சன் என்ற டென்மார்க்காரர், பிற்பாடு கிளப் நிர்வாகத்தில் சேர்ந்தவர், முதல்முறை பென்ஹமைச் சந்தித்தபோது, ‘இந்த வருஷம் மேலே போவீர்களா?’ என்று கேட்டாராம். ‘42.3 சதவீதம் வாய்ப்பு’ என்று பதில் வந்ததாம். வேறு எந்த முதலாளியும் நெஞ்சில் கையை வைத்திருப்பார், இல்லை வானத்தைக் காட்டியிருப்பார்.

இப்போது 2013 ஏப்ரல் 27க்கு வாருங்கள். மூன்றாம் டிவிஷன், கடைசி நாள், கிரிஃபின் பார்க். எதிரில் டான்காஸ்டர். ஜெயித்தால் பிரென்ட்ஃபோர்டு மேலே, சமநிலை ஆனாலே டான்காஸ்டர் மேலே. 0-0. நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன. பிரென்ட்ஃபோர்டுக்குப் பெனால்டி! அடிக்கவேண்டியவர் கேப்டன் கெவின் ஓ’கானர். வேறு கிளப்பிலிருந்து இரவல் வந்திருந்த மார்செல்லோ டிராட்டா என்ற இளைஞர் பந்தைப் பிடுங்கிக்கொண்டார். அடித்தார். மேல்கம்பியில் பட்டுத் திரும்பியது. எல்லோரும் இந்தப் பக்கம் குவிந்திருக்க, டான்காஸ்டர்காரர்கள் பந்தோடு மறுபக்கம் ஓடினார்கள். ஜேம்ஸ் காப்பிங்கர் கோல் அடித்தார். பெனால்டி விழுந்திருந்தால் பிரென்ட்ஃபோர்டு மேலே போயிருக்கும். கோல் கம்பத்துக்குக் கோல் கம்பம் ஓடுகிற நேரத்தில் டான்காஸ்டர் அந்த டிவிஷனின் சாம்பியன் ஆகிவிட்டது. நானாக இருந்தால் அன்று ராத்திரியே பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவர்கள் தலைகீழாக எதையும் மாற்றவில்லை. அடுத்த வருஷம் ஏறினார்கள்.

சரி, உங்கள் சந்தேகம். தோல்விக்கு மட்டும் அதிர்ஷ்டத்தைச் சொன்னால் அது சால்ஜாப்பு. வெற்றியையும் அதே தராசில் போடுகிறார்களா என்று பார்க்கவேண்டும். 2015 பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்டு இரண்டாம் டிவிஷனில் மேல்வரிசையில் இருந்தது. பயிற்சியாளர் மார்க் வார்பர்ட்டனை ஊரே கொண்டாடியது. அந்த நேரத்தில் ‘சீசன் முடிவில் அவர் போகிறார்’ என்று கிளப் அறிவித்தது. ஆள் எடுப்பதில் கணக்குக்கு எவ்வளவு இடம் என்பதில் இரண்டு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. அவர் ஐந்தாம் இடத்தில் முடித்துவிட்டுத்தான் போனார். அடுத்து வந்த டச்சுக்காரர் மரினஸ் டைக்ஹைசன் எட்டு லீக் ஆட்டம்கூடத் தாண்டவில்லை, செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். கணக்குக்காரர்கள் தங்கள் கணக்கிலேயே சறுக்கிய இடம் அது. ரசிகர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முதல் பத்து ஆட்டத்தில் எட்டுத் தோல்வி. அந்த நவம்பரில் டெக்னிக்கல் டைரக்டர் ராபர்ட் ரோவன் 28 வயதில் திடீரென்று இறந்துபோனார். கிளப்பே நிலைகுலைந்திருந்த சமயம். வேறு எங்கேயும் அந்தப் பயிற்சியாளர் தீபாவளிக்கு அடுத்த வாரம் வேலையில் இருந்திருக்கமாட்டார். இவர்கள் நீதி அட்டவணையைப் பார்த்தார்கள். ஆட்டம் கெடவில்லை, முடிவுதான் கெட்டிருக்கிறது என்று விட்டுவைத்தார்கள். அதே ஃபிராங்க்தான் 2021 மே 29 அன்று வெம்ப்ளியில் ஸ்வான்சியை 2-0 என்று தோற்கடித்து முதல் டிவிஷனுக்குக் கூட்டிப்போனார். எட்டுத் தோல்வி நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறவர்களால் அது முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் பையன்கள் வந்து ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?
(வாசகர், திருச்சி)

உண்டு! அதுவும் இதே பிரென்ட்ஃபோர்டில். சார்ல்ஸ் ரீப் என்று விமானப்படையில் கணக்கு அதிகாரி ஒருவர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் ஆட்டத்தைப் பார்க்கப் போனவர், பொறுமையிழந்து, இரண்டாம் பாதியில் நோட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்க ஆரம்பித்தார். 1951இல் பிரென்ட்ஃபோர்டு தரமிறங்கும் நிலையில் இருந்தபோது அவரைப் பகுதிநேர ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். கிளப் பிழைத்துக்கொண்டது.

ஆனால் ரீப் ஒரு பாடக்கணக்கில் தோற்றார், அதை எந்த வகுப்பிலும் நடத்தலாம். பத்தில் எட்டு கோல் மூன்று பாஸ் அல்லது அதற்குக் குறைவான நகர்வில் விழுகிறது என்று கண்டுபிடித்தார். ஆகவே நீளமாகத் தூக்கி அடி, பாஸைக் குறை என்றார். அவருடைய நோட்டிலேயே இன்னொரு எண் இருந்தது. நகர்வுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மூன்று பாஸுக்குள்தான் முடிகின்றன. அப்படியானால் மிச்சமிருக்கிற பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீண்ட நகர்வுகள், ஐந்தில் ஒரு பங்கு கோலைக் கொடுத்திருக்கின்றன. எது சிக்கனம்? எண் கையிலேயே இருந்தும் வகுத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு தலைமுறை பந்தை வானத்துக்கு அடித்துக்கொண்டிருந்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஆட்டத்தைக் கெடுத்தது பென்சில்காரர் ஐயா, கம்ப்யூட்டர் பையன்கள் பாவம்.

கேள்வி: த்ரோ-இன் எறியக்கூடவா கோச்?
(வாசகர், தஞ்சாவூர்)

ஆமாம். தாமஸ் குரோனமார்க் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு அதுதான் தொழில். பிரென்ட்ஃபோர்டில் தூக்கத்துக்குக்கூட ஆலோசகர் வைத்திருந்தார்கள். பந்தை நிறுத்திவைத்து அடிக்கிற கார்னர், ஃப்ரீகிக் இவற்றுக்குத் தனிப் பயிற்சியாளரைப் பலரும் சிரித்த காலத்திலேயே, 2015இல் வைத்தார்கள். காரணம் எளிது. ஓடுகிற ஆட்டத்தில் பணக்கார அணியின் கால்கள் ஜெயிக்கும். பந்து நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே பந்து, ஒரே கோடு. ஒத்திகைக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கிடையாது.

2024 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. சிட்டி, டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம் என்று மூன்று ஆட்டத்தில் தொடர்ந்து, விசில் ஊதி ஒரு நிமிடம் ஆவதற்குள் கோல் போட்டார்கள். பிரிமியர் லீக்கில் வேறு எந்த அணியும் அதுவரை செய்ததில்லை. முதல் இரண்டிலும் தோற்றார்கள், மூன்றாவது சமநிலை. கோல் வந்த நேரத்தில் நான் அடுப்படியில் சுக்குக்காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், மூன்று தடவையும்.

கேள்வி: அகாடமியை மூடினார்களாமே, குழந்தைகளின் வயிற்றில் அடிக்கலாமா?
(உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு)

2016இல் மூடினார்கள். தாங்கள் வளர்க்கிற பிள்ளைகளைப் பதினாறு வயதில் பெரிய கிளப்புகள் சொற்ப இழப்பீட்டுக்குக் கொண்டுபோனதால், அந்தப் பணத்தில் ‘பி’ அணி என்று இளைஞர்களுக்கு இரண்டாவது அணி வைத்தார்கள். பெரிய கிளப்புகள் பதினெட்டு வயதில் கழித்துவிட்ட பையன்களை அதில் எடுத்தார்கள். கணக்குப்படி சரி. மூடின அன்று எட்டு வயதுப் பையன்களின் அப்பாக்கள் கிட்பேக்கை எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்களே, அது எந்தப் பத்தியில் வரும்? வாத்தியாராக இருந்த எனக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. 2022இல் மறுபடி திறந்தார்கள்.

கேள்வி: மனிதர்களை எண்ணாக மட்டுமே பார்ப்பார்களா?
(வாசகர், புதுச்சேரி)

2021 ஐரோப்பியக் கோப்பையில் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்த டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு, உடலில் இதயக் கருவி பொருத்தியதால் இத்தாலியில் ஆட அனுமதி இல்லை. 2022 ஜனவரியில் அவரை எடுத்தது பிரென்ட்ஃபோர்டு. ஃபிராங்க், டென்மார்க்கின் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் அவரைப் பயிற்றுவித்தவர். சிறுவனாக இருந்தபோதே தெரியும்.

கேள்வி: வேறு யாராவது இப்படி வந்திருக்கிறார்களா? கணக்கு இருந்தால் ஜெயம் நிச்சயமா?
(பொறியியல் மாணவி, கோவை)

பென்ஹமின் பழைய முதலாளி டோனி ப்ளூம் இருக்கிறாரே, பிரைட்டன் அவருடையது. மொய்சஸ் கைசேடோவை ஈக்வடாரிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்குள் வாங்கி 2023இல் செல்ஸிக்குப் பத்துக் கோடிக்கு மேல் விற்றவர்கள். 2022-23இல் ஆறாவது இடம். அவருடைய கை பட்ட பெல்ஜிய கிளப் யூனியன் சாங்-ஜில்வா, 1935க்குப் பிறகு 2025இல் லீக் பட்டம் வாங்கியது. தொண்ணூறு வருஷம்! டென்மார்க்கில் பென்ஹம் 2014இல் வாங்கிய மிட்யூலன்ட் அடுத்த வருஷமே முதல்முறை சாம்பியன்.

நிச்சயமா என்றால், இல்லை. பிரென்ட்ஃபோர்டில் இருந்த அதே ஆங்கர்சன் வெளியே போய் 2022இல் கூட்டாளிகளோடு சவுத்தாம்ப்டனை வாங்கினார். 2023இல் கடைசி இடத்தில் இறங்கினார்கள். திரும்ப ஏறி, 2024-25 முழுக்க 38 ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்து மறுபடி இறங்கினார்கள். பேனா அதே பேனாதான்.

கேள்வி: 2025இல் பயிற்சியாளர் ஃபிராங்க், கோலடிப்பாளர்கள் எம்பூமோ, விஸ்ஸா, கேப்டன் எல்லோரும் போய்விட்டார்களே?
(வாசகர், காரைக்குடி)

போனார்கள். ஃபிராங்கின் இடத்தில் யாரை உட்காரவைத்தார்கள் தெரியுமா? கார்னர், த்ரோ-இன் பார்த்துக்கொண்டிருந்த கீத் ஆண்ட்ரூஸை. அதற்குமுன் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் இல்லை. ஊர் பேசியது. மறுபடியும் கத்தரிக்காய்தான்.

கேள்வி: சார், எங்கள் கடற்கரைக் கிராமத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கேமராவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. நாங்கள் ஏதாவது செய்யமுடியுமா?
(பயிற்சியாளர், தூத்தூர்)

தூத்தூர்க்காரர் பந்தைப் பற்றி என்னிடம் கேட்பதா! உங்கள் ஊரில் மணலில் நடக்கப் பழகுவதற்கு முன்பே பந்து உதைக்கிறார்கள். இருந்தாலும் கேட்டதால் என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டேன். ஒரு பையன், ஃபார்வர்டு. ஓடுவான், சேர்வான், கடைசி அடியில் சொதப்புவான். திட்டுவதற்கு ஆதாரம் வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எங்கே நின்று கோலைத் தவறவிட்டார்கள் என்று நோட்டில் படம் போட்டுக் குறித்துவந்தேன். மாவட்டப் போட்டி அரையிறுதிக்கு அவனை உட்காரவைத்தேன். பதிலுக்கு, முந்தின ஆட்டத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பில் ஒரே கோல் போட்ட உயரமான பையனை இறக்கினேன். 0-1.

ஓய்வுபெற்ற பிறகு, பிரென்ட்ஃபோர்டு பற்றிப் படித்த ஒரு மத்தியானம் பரணில் இருந்து அந்த நோட்டை இறக்கினேன். ஆறு ஆட்டத்தில் அந்தப் பையன் பேரில் 19 தவறு. அத்தனையும் பெனால்டி பாக்ஸுக்குள்ளே, பாதிக்கு மேல் கோலுக்கு நேர் எதிரே. மற்ற ஃபார்வர்டுகள் எல்லோருக்கும் சேர்த்து ஏழு. மற்றவர்கள் அதிகம் தவறவிடவில்லை, ஏனென்றால் அங்கே அதிகம் போய்ச் சேரவே இல்லை. சிவப்பு மையில் நான் குற்றப்பத்திரிகை என்று எழுதிவைத்தது அவனுடைய மார்க் ஷீட்.

அவன் இப்போது தென்காசிப் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். போனில் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டு, “அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா சார்” என்றான்.

உங்களுக்குச் செலவு நூறு பக்க நோட்டு ஒன்று, பேனா இரண்டு. ஒரு பக்கத்தில் கோல் போஸ்ட்டும் பெனால்டி பாக்ஸும் மட்டும் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே போன அடிக்கு ஒரு நிறம், போகாததுக்கு இன்னொரு நிறம், பக்கத்தில் சட்டை நம்பர். காலுக்குப் புள்ளி, தலைக்கு வட்டம். குறிக்கும் வேலையை ஆடாத ஒரு பையனிடம் கொடுங்கள். நீங்கள் குறித்தால் கோபம் கலந்துவிடும், எனக்குக் கலந்தது. பத்து ஆட்டம் ஆகும்வரை கூட்டிப் பார்க்காதீர்கள். பெனால்டிகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், சேர்த்தால் கூட்டல் ஏமாற்றும். சீசன் முடிந்ததும் ஜெராக்ஸ் எடுத்து இந்த முகவரிக்கு அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.